எண்பத்தெட்டு கட்டை

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்த மகராசன், பியானோவை வாங்கிப் பார் என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்காமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. அவருக்கு ஞானாதிக்கபுரத்து விறகுக்கடைச் சகோதரர்களைத் தெரியாது. நமக்குத் தெரியும். அது நாம் செய்த பாக்கியம்.

ஞானாதிக்கபுரம் தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளங்களை ஒட்டிக் கிடக்கிற ஊர். ஊர்ப் பேரில் இருக்கிற ஞானம் ஊருக்குள் எந்தத் தெருவில் குடியிருந்ததோ, விறகுக்கடைப் பக்கம் மட்டும் அது எட்டிப் பார்த்ததில்லை. கடையை நடத்தியவர்கள் அண்ணன் தம்பி நாலு பேர். மூத்தவர் ஆசீர்வாதம், அடுத்தவர் வேதமுத்து, மூன்றாமவர் பொன்னுத்துரை, கடைக்குட்டி சற்குணம். தங்கமான மனிதர்கள். ஈர விறகைக் காய்ந்த விறகு என்று சொல்லி ஒருநாளும் விற்றதில்லை. யார் என்ன சொன்னாலும் சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். வம்பெல்லாம் அதில்தான் வந்தது.

நாலு பேரில் சற்குணம்தான் புத்திசாலி என்று மற்ற மூன்று பேரும் சொல்வார்கள். சற்குணமும் அதை மறுத்ததில்லை. இதை வைத்து மற்ற மூன்று பேருடைய நிலவரத்தை நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

நாலு பேருக்கும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. பெண் கிடைக்காமல் இல்லை, கிடைத்த பெண் நிலைக்கவில்லை. ஆசீர்வாதம் பெண் பார்க்கப் போன வீட்டில், "வலது கால எடுத்து வச்சு உள்ள வாங்க" என்றார்கள். அவரும் வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். இடது காலைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லாததால் அதை வெளியிலேயே வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். பெண் வந்து, காபி கொடுத்து, திரும்பிப் போன பிறகும் அப்படியே நின்றார். வேதமுத்துவிடம் பெண்ணின் அம்மா, "கூச்சப்படாதீங்க, உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க" என்றாள். அவர் வேட்டியை அவிழ்த்துக் கொடியில் போட்டுவிட்டு, கட்டிக்கொள்ளக் கைலியைத் தேடி, "என் சாரத்த எங்க வச்ச?" என்று அவளையே கேட்டார். பொன்னுத்துரை போன இடத்தில் பெண்ணின் அப்பா நல்ல மனிதர். "கை நனைக்காமப் போகக் கூடாது, மாப்ள" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பொன்னுத்துரை பின்பக்கம் போய், வாளியில் இரண்டு கையையும் முக்கி எடுத்துவிட்டு, எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த வீட்டில் ஆக்கி வைத்த ஆட்டுக்கறி ஆறிப் போனது.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்த சற்குணத்துக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அண்ணன்மார் போன வழியிலேயே தானும் போய்விடுவோமோ என்று அவனுக்குப் பயம். கடையைப் பூட்டிவிட்டு வந்து நாலு ஆம்பிளைகள் நாலு தட்டை வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்காரும்போது அவனுக்குச் சோறு இறங்காது. அப்படி இருந்தவன் வாழ்க்கையில்தான் கிளாடிஸ் டீச்சர் வந்தாள்.

பக்கத்து ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார் அவள். கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்கு ஒத்திகை நடந்தபோது, கோயிலில் வழக்கமாக ஆர்கன் வாசிக்கிறவருக்குக் காய்ச்சல் என்று அவளைக் கூட்டிவந்திருந்தார்கள். புத்தகத்தில் பக்கம் திருப்ப ஓர் ஆள் வேண்டியிருந்தது. கையில் வேலை இல்லாமல் நின்றவன் சற்குணம்.

"நான் தலையாட்டுவேன். ஒடனே பக்கத்தத் திருப்பிருங்க" என்றாள் டீச்சர்.

அவள் தலையாட்டினாள். சற்குணம் குனிந்து, கீழே விரித்திருந்த ஜமுக்காளத்தின் நுனியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தான். விறகு தூக்கிப் பழகிய கை. ஆர்கன், ஸ்டூல், ஸ்டூலில் இருந்த டீச்சர் எல்லாம் சேர்ந்து அரைவட்டம் சுற்றி, பீடத்தைப் பார்த்திருந்த டீச்சர் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் திடுக்கிட்டு மறுபடி தலையை ஆட்டிவிட்டாள். சற்குணம் மறுபடி திருப்பினான். பாட்டு முடிவதற்குள் அவள் கோயிலின் நாலு சுவரையும் பார்த்துவிட்டாள்.

பாட்டு நின்ற பிறகு அவள் சிரித்த சிரிப்பு உப்பளம் வரைக்கும் கேட்டது என்பார்கள். ஒரு மனுஷன் தன்னை இவ்வளவு சிரிக்க வைக்க முடியும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சற்குணத்துக்கோ, தான் பக்கம் திருப்பினால் ஒரு பெண் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. இரண்டு பேருக்கும் பிடித்துப் போனது.

நடுவில் நின்றவர் டீச்சருடைய அப்பா, தேவவரம் வாத்தியார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கறாரான ஆள். மகள் சங்கீதத்தில் தேறி, ஊரெல்லாம் அவளைப் புகழ்ந்தாலும் அவர் மட்டும் சங்கீதம் கிலோ என்ன விலை என்று கேட்கிற ரகம். ஆனால் அது வெளியே தெரியக்கூடாது என்பதில் மிகவும் கவனமாக இருப்பார். யாராவது பாடினால் கண்ணை மூடி, தொடையில் தட்டி, முடிந்ததும் ஏதாவது ஒரு குறை சொல்லிவிடுவார். குறை சொன்னால் விவரம் தெரிந்தவர் என்று ஆகிவிடும் அல்லவா.

"நகை வேண்டாம், நட்டு வேண்டாம். எம்மக வாசிக்க ஒரு பியானோ அந்த வீட்டுல இருக்கணும். ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சு வாரேன். இருந்தா சம்மதம். இல்லைன்னா பாளையங்கோட்டைல ஒரு மாப்பிள்ளை ரெடியா இருக்கான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எந்த மாதிரி பியானோ என்று கேட்க சற்குணம் டீச்சருக்கு போன் போட்டான். அண்ணன்மார் மூன்று பேரும் போனைச் சுற்றித் தலையைக் குவித்துக்கொண்டார்கள்.

"கவனமாக் கேட்டுக்கிடுங்க" என்றாள் டீச்சர். "கிராண்ட் பியானோ. ஆனா சின்னதா இருக்கணும், உங்க ஹால்ல அடங்கணும். நம்ம பக்கம் உப்புக்காத்து, கம்பி வச்சதுன்னா துருப்பிடிச்சிரும். அதனால டிஜிட்டல்தான் வேணும். எண்பத்தெட்டு கட்டை இருக்கணும். அத்தனையும் நல்ல கனமான கட்டையா இருக்கணும், அது முக்கியம். கீழ மூணு பெடல். பக்கத்து வீட்டுக்காரங்களுக்குத் தொந்தரவு இல்லாம, காதுல மாட்டிக்கிட்டு வாசிக்கிற வசதியும் வேணும். போகும்போது ஹால் அளவக் கொண்டு போங்க. கடைக்காரர் பளபளன்னு எதையாவது காட்டுவார், மயங்கிராதீங்க. கண்ண மூடிக்கிட்டு, கைய வச்சுப் பாத்து வாங்குங்க."

போனை வைத்ததும் நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். பிறகு ஆசீர்வாதம் தொண்டையைச் செருமினார்.

"கிராண்டா இருக்கணும்னு சொல்லுதாங்க. சின்னதாவும் இருக்கணும்னு சொல்லுதாங்க. கிராண்டா நடந்த கல்யாணம் எதாவது சின்னதா நடந்துருக்கா?"

"இல்லைண்ணே" என்றார் பொன்னுத்துரை.

"அப்ப டீச்சர் நம்மளச் சோதிக்காங்க."

வேதமுத்து வெகுநேரம் யோசித்துவிட்டு, "அண்ணே, யானை பெருசு. ஆனா நாம விறகு ஏத்துத வண்டிக்குப் பேரு குட்டியானை. அதுவும் யானைதான், ஆனா நம்ம சந்துக்குள்ள வருதுல்லா?" என்றார்.

எல்லோரும் அவரை மரியாதையோடு பார்த்தார்கள். கிராண்ட் விவகாரம் தீர்ந்தது.

"டிஜிட்டல்னா?"

"நம்ம கடைத் தராசு டிஜிட்டல்தான? செவப்பா நம்பர் எரியணும். அதான் டிஜிட்டல்" என்றார் பொன்னுத்துரை.

கட்டை விஷயத்தில் அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. பரம்பரை பரம்பரையாகக் கட்டையில் பிழைக்கிற குடும்பம். வேலிக்கருவைக் கட்டை, உடைமரக் கட்டை, புளியங்கட்டை எதுவென்று இருட்டில் முகர்ந்து சொல்வார்கள். ஒரு பெண் இவ்வளவு தெளிவாக, இத்தனை எண்ணிக்கை, அதுவும் கனமான கட்டை என்று கேட்டது ஆசீர்வாதத்தின் மனசைத் தொட்டுவிட்டது. "நம்ம தொழிலுக்கு ஏத்த பொண்ணுடே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பியானோவுக்குள் கட்டை எதற்கு என்று சற்குணத்துக்கு ஒரு கணம் தோன்றியது. வெந்நீர் போடுகிற மாதிரி பாட்டுக்கும் சூடு வேண்டியிருக்கும் என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். வீட்டில் புத்திசாலி அவன்தானே.

அடுத்து ஹால் அளவு. வீட்டில் டேப்பு இல்லை. வேதமுத்து ஒரு சுவரில் தலையை முட்டிக்கொண்டு நீட்டிப் படுத்தார். அவர் காலடியில் தலையை வைத்துப் பொன்னுத்துரை படுத்தார். எதிர்ச் சுவர் பொன்னுத்துரையின் முழங்காலோடு நின்றது. மிச்சக் காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டார்.

"ஹால் அளவு ஒரு வேதமுத்தும், முழங்கால் வரைக்கும் ஒரு பொன்னுத்துரையும்" என்று அறிவித்த ஆசீர்வாதம், கரித்துண்டால் பொன்னுத்துரையின் முழங்காலில் ஒரு கோடு போட்டார். "அளவக் கொண்டு போகச் சொல்லியிருக்காங்க. வழியில குனியாதீங்க, நிமிராதீங்க. அளவு மாறிரும்."

அளவைக் குட்டியானையின் பின்னால் படுக்கப்போட்டுக்கொண்டு தூத்துக்குடிக்குப் போனார்கள். வழியில் டீக்கடையில் வண்டியை நிறுத்தியபோது வேதமுத்து தனக்கும் ஒரு டீ கேட்டார். அதில் ஒரு பெரிய வாக்குவாதம் வந்தது. டீ குடித்தால் வயிறுதான் பெருக்கும், நீளம் கூடாது என்று வேதமுத்து வாதாடினார். சூடு பட்டால் இரும்பே நீளுகிறது, மனுஷன் நீளமாட்டானா என்று ஆசீர்வாதம் கேட்டார். கடைசியில் டீயை நன்றாக ஆற்றிக் கொடுத்தார்கள்.

இசைக்கருவிகள் விற்கிற கடை பெரிய கடை, குளுகுளு கடை. வாசலிலேயே நாலு பேரும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். கடையில் இருந்த விற்பனையாளர் அல்போன்ஸ், இரக்க குணம் உள்ளவர். பார்வையில்லாதவர்கள் என்று நினைத்து ஓடிவந்து முன்னால் நின்றார். ஆசீர்வாதத்தின் கை அவர் நெஞ்சில் பட்டது. மேலிருந்து கீழே நிதானமாகத் தடவிப் பார்த்தார்.

"வழவழன்னுதான் இருக்கு. ஆனா கட்டை ஆறுதான் இருக்கு, அதுவும் சின்னச் சின்னதா."

"அது என் சட்டை பித்தான், அண்ணாச்சி" என்றார் அல்போன்ஸ்.

"பேசுது" என்றார் பொன்னுத்துரை, பயந்துபோய்.

கண்ணைத் திறக்க வைப்பதற்குள் அல்போன்ஸுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இருந்தாலும் மனிதர் பொறுமைசாலி. விவரத்தைக் கேட்டுவிட்டு, நேரே அவர்களை ஒரு கறுப்புப் பியானோவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். டீச்சர் கேட்டதற்கு அச்சில் வார்த்த மாதிரி பொருந்துகிற பியானோ அது. சற்குணத்துக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அதன் முன்னால் டீச்சர் உட்கார்ந்திருக்கிற மாதிரியே தெரிந்தது. "இதையே வாங்கிருவோம்ணே" என்று வாய்விட்டே சொன்னான்.

"பொறுடே" என்றார் ஆசீர்வாதம். "இது என்ன வகை?"

"இதுக்கு பேபி கிராண்ட்னு பேரு" என்றார் அல்போன்ஸ்.

அண்ணன்மார் முகத்தில் ஈ ஆடவில்லை. மூன்று பேரும் ஒதுங்கிப் போய்க் குசுகுசுத்தார்கள். பிறகு ஆசீர்வாதம் வந்து, "இப்ப பேபி. சரி. இன்னும் எவ்வளவு வளரும்?" என்றார்.

"வளராது, அண்ணாச்சி."

"எல்லாத் தாய்க்கும் அப்பிடித்தான் தோணும். எங்க கடைக்குட்டித் தம்பிய எங்க அம்மையும் கைக்குழந்தைன்னுதான் சொல்லிட்டு இருந்தா. இப்ப பாருங்க, தலை வாசல் நிலைல தட்டுது."

அல்போன்ஸ் அதை வாசித்துக் காட்டினார். நல்ல கம்பீரமான ஓசை. வேதமுத்து காதைப் பொத்திக்கொண்டார். "பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு. இது இந்தக் கோடியில தட்டுனா அந்தக் கோடியில கேக்குது." அடுத்ததை வாசித்தார். அதுவும் கேட்டது. கடையில் இருந்த ஒவ்வொரு பியானோவும் கேட்டது. கேட்காத பியானோ ஒன்றுகூட இல்லாமல் எதற்கு இவ்வளவு பெரிய கடை என்று ஆசீர்வாதம் வருத்தப்பட்டார்.

கட்டையைக் கேட்டபோது அல்போன்ஸ், "இதெல்லாம் கட்டைதான். மொத்தம் எண்பத்தெட்டு. அழுத்திப் பாருங்க, கனமா இருக்கும்" என்று வெள்ளையும் கறுப்புமாக இருந்த வரிசையைக் காட்டினார்.

பொன்னுத்துரை குனிந்து நகத்தால் சுரண்டினார், முகர்ந்தார். முகத்தில் ஒரு தொழில்காரனின் வேதனை தெரிந்தது. "தம்பி, விறகுக்கடைக்காரங்ககிட்டயே பிளாஸ்டிக்கக் காட்டி கட்டைன்னு சொல்லுதீங்களே. இது எரியுமா?"

"எரிக்கக் கூடாது, அண்ணாச்சி."

"எரியாதது கட்டையா?"

அல்போன்ஸ் ஒரு துணியை எடுத்து, நகம் பட்ட இடத்தைத் துடைத்தார்.

அப்போதுதான் வேதமுத்து தெருப்பக்கத்துக் கண்ணாடி ஜன்னலில் இருந்ததைப் பார்த்தார். சின்னதாக, கறுப்பாக, அழகாக ஒரு பியானோ. தட்டினார். ஓசையே இல்லை. திறந்தார். உள்ளே ஒன்றுமே இல்லை.

"இது பியானோவே இல்ல, அண்ணாச்சி" என்று அல்போன்ஸ் பதறினார். "அழகுக்காகச் செஞ்சு வச்ச வெறும் பெட்டி. இதுக்குள்ள ஜீவனே கெடயாது."

"அப்ப வளராது?"

"எப்பிடி வளரும்?"

"கேக்காது?"

"எப்பிடிக் கேக்கும்?"

"உள்ள காலியா இருக்கு. அப்ப கட்டைய நாங்களே போட்டுக்கிடலாம்." ஆசீர்வாதம் தம்பிமாரைப் பார்த்தார். தம்பிமார் அவரைப் பார்த்தார்கள். அளவு இரண்டும் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக் காட்டின. பெட்டி வேதமுத்துவின் இடுப்போடு முடிந்துவிட்டது. ஹாலில் பொன்னுத்துரை முழுசாக மிச்சம், கரிக்கோடு வரைக்கும்.

அல்போன்ஸ் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக எடுத்துச் சொல்லிப் பார்த்தார். நல்ல பொருளை விட்டுவிட்டு வெறும் பெட்டியைக் கேட்கிறார்களே என்று அவருக்கு ஆதங்கம். கடைசியில், "என்னமோ, நீங்க சந்தோஷமா இருந்தாச் சரி" என்று பெட்டியையும், காதில் மாட்டுகிற கருவி ஒன்றையும் கொடுத்து அனுப்பினார். சற்குணம் மட்டும் அந்த முதல் பியானோவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வண்டியில் ஏறினான். அவனுக்கு எங்கேயோ இடித்தது. ஆனால் டீச்சர் சொன்னதில் எதுவும் விட்டுப்போகவில்லையே.

வீட்டில் வேலை மும்முரமாக நடந்தது. ஹாலில் ஜமுக்காளம் விரித்துப் பெட்டியை வைத்தார்கள். அதன் மெல்லிய கால்கள் கனம் தாங்காது என்று வேதமுத்து அவற்றைக் கழற்றிவிட்டு, தடித்த மரத்துண்டுகள் மூன்றை முட்டுக்கொடுத்தார். மூன்று பெடலுக்கு இரண்டு சைக்கிள் பலியானது. வேதமுத்துவின் சைக்கிளில் இரண்டும் போயிற்று, பொன்னுத்துரையின் சைக்கிளில் ஒன்று மிஞ்சியது. அந்த ஒன்றுக்காக அவர் மிகவும் பெருமைப்பட்டார். கடையிலிருந்து டிஜிட்டல் தராசைக் கொண்டுவந்து பெட்டியின் மேலே, பாட்டுப் புத்தகம் வைக்கிற இடத்தில் உட்காரவைத்தார்கள். சிவப்பு எழுத்து எரிந்தது. காது கருவியின் வயரைச் சொருக ஓட்டை இல்லாததால், ஒரு கட்டையில் துளைபோட்டு அதில் அடித்து இறக்கினார்கள்.

பிறகு கட்டை அடுக்கினார்கள். அதில் அவர்களை அடித்துக்கொள்ள அந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. ஒவ்வொரு கட்டையும் தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, கனம் இருந்தால்தான் உள்ளே போயிற்று. ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஒரு தப்பு நடந்தது. கடைசிக் கட்டைக்கு ஆள் போனபோது கனத்த கட்டைகளில் காய்ந்தது தீர்ந்துபோயிருந்தது. பொன்னுத்துரை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அன்றைக்குத்தான் வந்து இறங்கிய ஓர் ஈரக் கட்டையை இடது பக்கம், மூன்றாவது இடத்தில் செருகிவிட்டார். கனம் இருக்கிறதே, அது போதாதா என்று மனசைத் தேற்றிக்கொண்டார். ஆனாலும் அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் சரியில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தேவவரம் வாத்தியார் குடையோடு வந்தார். பின்னால் கிளாடிஸ் டீச்சர். ஹாலுக்குள் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்த சற்குணம், அழுகிறாள் என்று முடிவுகட்டிவிட்டான். எல்லாம் போயிற்று, இனி ஆயுசுக்கும் நாலு தட்டுதான் என்று சுவரோடு ஒண்டிக்கொண்டான். எந்த இடத்தில் தப்பு நடந்தது என்று மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை.

வாத்தியார் பரீட்சையை ஆரம்பித்தார். மகள் கேட்டதையெல்லாம் அவர் மனப்பாடம் பண்ணியிருந்தார். பியானோவைக் கிட்டத்தில் பார்ப்பது அவருக்கும் இதுதான் முதல் தடவை. அது தெரிந்துவிடக் கூடாது என்று குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

"டிஜிட்டலா?"

"நம்பர் எரியுதுல்லாய்யா" என்றார் பொன்னுத்துரை.

"சைபர்னு காட்டுது."

"இன்னும் வாசிக்கலல்லா."

"அது சரி. பெடல்?"

"மூணு. ரெண்டு என்னோடது, ஒண்ணு தம்பியோடது" என்றார் வேதமுத்து.

"கட்டை?"

ஆசீர்வாதம் மூடியைத் திறந்தார். வாத்தியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை நீட்டி, ஒவ்வொன்றாக எண்ணினார். சந்தேகத்துக்கு வலமிருந்து இடமாக இன்னொரு தடவை எண்ணினார். "எண்பத்தெட்டு. விடை சரி" என்றார். ஒன்றை உருவித் தூக்கிப் பார்க்க முயன்று, முடியாமல் விட்டுவிட்டு, "கனமும் சரி" என்றார். அவர் முகத்தில் முதல் தடவையாகத் திருப்தி தெரிந்தது. "வாசி மக்களே" என்றார் மகளிடம்.

டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்தாள். காதில் மாட்டிக்கொண்டாள். பாட்டுப் புத்தகத்தைத் தராசின் மேல் வைத்தாள். சிவப்பு எழுத்து ஓடி ஓடி நின்றது.

"முந்நூத்தி இருவது கிராம்" என்று ஆசீர்வாதம் படித்தார். "நல்ல எடையுள்ள பாட்டு."

வாத்தியாருக்குச் சங்கீதம் பிடிபட்டது அந்த நிமிஷத்தில்தான். எடை என்று வந்துவிட்டால் அது கணக்கு. கணக்கு அவருக்குத் தெரியும். கண்ணை மூடித் தொடையில் தட்ட ஆரம்பித்தார். அண்ணன்மாரும் பெரிய இடத்துப் பழக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டார்கள். டீச்சரின் விரல்கள் கருவைக் கட்டைமேல் ஓடின. ஹாலில் ஒரு சத்தம் இல்லை. வெளியே ஓர் உப்பு லாரி போனது, ஒரு காகம் கத்தியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்தார்கள்.

சற்குணம் மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். தலையாட்டினாள். "பக்கத்தத் திருப்புங்க" என்றாள்.

சற்குணத்துக்கு உயிர் திரும்பி வந்தது. குனிந்து ஜமுக்காளத்தைப் பிடித்து இழுத்தான். எண்பத்தெட்டு கனமான கட்டை லேசில் அசையுமா? "அண்ணே, ஒரு கை பிடிங்க" என்றான். அண்ணன்மார் மூன்று பேரும் மூடிய கண் மூடியபடியே தடவிக்கொண்டு வந்து பிடித்தார்கள். பியானோ, தராசு, ஸ்டூல், டீச்சர் எல்லாம் சேர்ந்து அரைவட்டம் சுற்றின. சுவரைப் பார்த்துப் போன டீச்சர் கட்டைகளின் மேல் கவிழ்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்போதுதான் அது அழுகை இல்லை என்று சற்குணத்துக்குப் புரிந்தது. சந்தோஷத்தில் அவனுக்கு நிலைகொள்ளவில்லை.

"அசல் பியானோ ஒண்ணு நானே பாத்து வாங்கிட்டு வாரேன்" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். "ஆனா இதையும் விறகா வித்துராதீங்க. எனக்கு வேணும்."

வாத்தியார் கண்ணைத் திறந்தார்.

"வாசிப்பு நல்லா இருந்துது" என்றார். "மாப்பிள்ளைய எனக்குப் பிடிச்சிருக்கு." ஏதாவது ஒரு குறை சொல்லாமல் முடிப்பது அவர் வழக்கத்தில் இல்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். "ஆனா எடது பக்கம் மூணாவது கட்டைல மட்டும் சுருதி கொஞ்சம் எறங்கியிருக்கு."

பொன்னுத்துரை தடாலென்று அவர் காலில் விழுந்தார். "அய்யா, நாந்தான். காய்ஞ்சது தீந்துபோச்சு. ஈரக் கட்டையச் சொருகிட்டேன்."

ஆசீர்வாதம் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் கடையில் இப்படி ஒன்று நடந்ததே இல்லை. வேதமுத்து அந்தக் கட்டையை உருவி முகர்ந்து பார்த்து, ஆமாம் என்று தலையசைத்தார். வாத்தியாருக்கே தன் காதை நினைத்துப் பயமாக இருந்தது. இத்தனை வருஷம் இந்தத் திறமையை வீணடித்துவிட்டோமே என்று நினைத்தார்.

கூடிப் பேசி, அந்தக் கட்டை நன்றாகக் காய்ந்ததும் கல்யாணம் என்று முடிவு செய்தார்கள். சற்குணம் அப்போதே கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினான். வெயிலில் வைத்தது போதாதென்று பனையோலை விசிறியால் வீசிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் டீச்சரும் ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு மேலே வந்து, எதிரே போட்டு உட்கார்ந்தாள். சாயங்காலத்துக்குள் கட்டையின் மேல் பக்கம் லேசாகக் காய்ந்திருந்தது.

"மேல் பக்கம் காய்ஞ்சிட்டுது" என்றாள் டீச்சர். "பக்கத்தத் திருப்புங்க."

சற்குணம் விசிறியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். ஸ்டூலோடு சேர்த்து டீச்சரைத் தூக்கி, கடலைப் பார்த்துத் திருப்பி வைத்தான்.